கடமையில் நிற்போருக்குச் சட்டத்தின் காவல்

சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கி உடப்பு, முந்தல், புத்தளம் என நீண்டு, கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை செல்லும் கரையோரத்தில் வாழும் மக்களுக்கு, அரசாங்கம் என்பது கொழும்பு மாநகரத்திலுள்ள ஒரு பெரிய கட்டடமன்று. அது ஒரு மனித முகம். கரையில் இழுக்கப்பட்ட வலையின் கண்ணை அளந்து பார்க்கும் கடற்றொழிற் பரிசோதகர் ஒரு முகம். கண்டற் காட்டினூடே புதிதாக வெட்டப்பட்ட வாய்க்காலைக் கண்டு, இதனை வெட்டியவர் யார் என்று வினவும் வன அதிகாரி ஒரு முகம். உணவுக்கடையின் அடுப்படிக்குள் நுழைந்து பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வதிவிடச் சான்றிதழில் ஒப்பமிடும் கிராம உத்தியோகத்தர், வெயிலில் சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரர், குழந்தை பிறந்த வீட்டுக்குக் குடை பிடித்து வரும் மருத்துவமாது ஆகிய இவர்களே அக்கரையோரத்து அரசாங்கம்.

இவர்களுட் பலர் கொண்டுவரும் செய்தி எப்பொழுதும் இனியதாய் இருப்பதில்லை. தடைசெய்யப்பட்ட வலையொன்று கைப்பற்றப்படும் பொழுது, அந்த வலையை வாங்குவதற்குப் பட்ட கடனும் அதனோடு சேர்ந்து கண்முன் நிற்கும். இறாற் பண்ணைக்கென வெட்டிய குளத்தை மூடும்படி கட்டளை வரும்பொழுது, அதில் இட்ட முதல் நினைவுக்கு வரும். அவ்வேளையில் மனிதனுக்குச் சினம் எழுவது இயல்பு. சினத்தைச் சட்டம் தண்டிப்பதில்லை. அந்தச் சினம் ஓர் அச்சுறுத்தலாக நாவிலே வரும்பொழுதும், ஓர் அடியாகக் கையிலே இறங்கும்பொழுதுமே சட்டம் தலையிடுகின்றது. அச்சட்டம் யாது, அது ஏன் உத்தியோகத்தருக்கு மட்டும் தனியாக ஒரு காவலை இட்டிருக்கின்றது, அக்காவலுக்கு எல்லை உண்டா என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பிறந்தது. மெக்கோலே பிரபு தலைமை தாங்கிய குழுவினர் வரைந்து, 1860ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தொகுதியே அதற்கு மாதிரியாக அமைந்தது. இந்தியா அப்பழைய தொகுதியைக் கைவிட்டு, 2024ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் முதல் புதிய சட்டமொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. இலங்கையிலோ, பலமுறை திருத்தப்பட்டபோதிலும், 1883ஆம் ஆண்டின் கோவையே இன்றும் குற்றவியல் நீதிமன்றங்களின் அடிப்படை நூலாக விளங்குகின்றது.

இக்கோவையின் 19ஆம் பிரிவு, பகிரங்க சேவையாளர் என்போர் யாவர் என்பதை வரையறுக்கின்றது. பெரும் பதவியில் உள்ளோரை மட்டும் அது குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நீதிபதிகளோடு, குற்றங்களைத் தடுப்பதும், குற்றவாளிகளை நீதியின் முன் கொணர்வதும், பொதுமக்களின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் வசதியையும் பேணுவதும் எவருடைய கடமையோ, அவர்கள் அனைவரும் அவ்வரையறையுள் அடங்குவர். அரசாங்கத்தின் உடைமையைக் காப்பவரும் அதனுள் வருவர். ஆகவே, மாவட்டச் செயலாளருக்குக் கிடைக்கும் அதே காவல், வாடிக்குள் நுழையும் இளம் பரிசோதகருக்கும் கிடைக்கின்றது. பதவியின் உயரத்தைச் சட்டம் அளந்து பார்ப்பதில்லை.

இனி, குற்றங்களைப் படிப்படியாகக் காண்போம். கடற்கரையில் ஒரு வாடியை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்க. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் ஒருவர், வெடிமருந்திட்டு மீன் பிடிக்கப்பட்டதென்ற தகவலின் பேரில் அங்கே வருகின்றார். அவர் தோணியைப் பார்வையிட முற்படும்பொழுது, ஒருவர் வேண்டுமென்றே தோணியைக் கடலுள் தள்ளிவிடுகின்றார். இஃது உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு செய்தலாகும். கோவையின் 183ஆம் பிரிவு இதனைக் குற்றமாக்குகின்றது. குற்றப் படிகளில் இதுவே மிகக் கீழானது, தண்டனையும் சிறிது.

இரண்டாவது படி அச்சுறுத்தல். “இந்த அறிக்கையை நீர் எழுதினால், உம்முடைய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை எங்களுக்குத் தெரியும்” என்று ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். அவர் உத்தியோகத்தரைத் தொடவில்லை. அவருக்கே தீங்கு செய்வதாகவும் கூறவில்லை. எனினும் 186ஆம் பிரிவின்படி இது குற்றமாகும். உத்தியோகத்தருக்கு மட்டுமன்றி, அவர் அக்கறை கொண்டவர் என்று கருதப்படும் எவருக்கேனும் தீங்கு நேருமென்று கூறி, அவருடைய கடமையைச் செய்விக்கவோ, தடுக்கவோ, தாமதப்படுத்தவோ முயன்றால், இரண்டாண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, தண்டப் பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தீங்கு என்னும் சொல்லுக்கும் கோவை விரிந்த பொருள் கூறுகின்றது. உடலுக்கு மாத்திரமன்றி, மனத்துக்கும், நற்பெயருக்கும், உடைமைக்கும் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் கேடு அனைத்தும் தீங்கேயாகும். அச்சொற்கள் நேரிலே கூறப்பட்டனவா, கைத்தொலைபேசியில் வந்தனவா என்பதனால் குற்றத்தின் தன்மை மாறுவதில்லை.

மூன்றாவது படி கை ஓங்குதல். தாக்குதல் என்பதற்கு அடி விழவேண்டும் என்பதில்லை. அடி விழப்போகின்றது என்று எதிரில் நிற்பவர் அஞ்சத்தக்க முறையில் கையையோ துடுப்பையோ ஓங்குவதே சட்டத்தின் கண்ணில் தாக்குதலாகும். சாதாரண மனிதர் இருவருக்கிடையே இது நிகழ்ந்தால் மூன்று மாதம் வரை சிறை. உத்தியோகத்தரைக் கடமையிலிருந்து விலக்கும் நோக்கத்துடன் நிகழ்ந்தால், 344ஆம் பிரிவின்படி இரண்டாண்டுகள் வரை சிறை.

நான்காவது படி காயம் விளைவித்தல். சாதாரண நிலையில் ஓராண்டு வரை சிறைக்குரிய காயம், உத்தியோகத்தரின் கடமையைத் தடுக்கும் பொருட்டு விளைவிக்கப்பட்டால், 323ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறைக்குரியதாகின்றது. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமாயின், 324ஆம் பிரிவின்படி பத்தாண்டுகள் வரை சிறையும் தண்டப் பணமும் விதிக்கப்படலாம். உயிரே போகுமாயின், அது கொலை. கொலைக்குச் சட்டப் புத்தகத்தில் மரண தண்டனை எழுதப்பட்டுள்ளது. எனினும் 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது நியாயமானது. ஒரே கன்னத்தில் விழும் ஒரே அடி. மீனவரின் கன்னமாயின் ஓர் அளவு, உத்தியோகத்தரின் கன்னமாயின் வேறோர் அளவா? சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது இதுதானா?

விடை சட்டத்தின் வாசகத்திலேயே உள்ளது. உத்தியோகத்தர் என்ற மனிதரை அடித்தால் கூடிய தண்டனை என்று எந்தப் பிரிவும் கூறவில்லை. அவர் தம் கடமையை ஆற்றிக்கொண்டிருக்கும்பொழுது, அல்லது அக்கடமையை ஆற்றாது தடுக்கும் எண்ணத்துடன், அல்லது அவர் முன்னர் சட்டப்படி ஆற்றிய கடமைக்குப் பழிவாங்கும் முகமாக அடித்தால் என்றே அப்பிரிவுகள் கூறுகின்றன. வேலிச் சண்டையிலே ஒரு கிராம உத்தியோகத்தரை அயலவர் அடித்தால், அது சாதாரண அடியே. அவருடைய பதவி அங்கே அவருக்கு எவ்வித மேன்மையையும் அளிக்காது. ஆனால் வலையைக் கைப்பற்றியதற்காக ஒரு மாதம் கழித்துச் சந்தையிலே வைத்து ஒரு பரிசோதகரை அடித்தால், அவர் அன்று விடுமுறையில் இருந்தபோதிலும், அவ்வடி கடமையின்மேல் விழுந்த அடியாகும். எனவே, சட்டம் காவல் இட்டிருப்பது மனிதருக்கன்று. அவர் கையிலுள்ள வேலைக்கு.

அந்த வேலையோ ஊரவருடையது. கடலில் வெடி வைப்போரைத் தடுக்க வந்தவர் அஞ்சித் திரும்பிப் போனால், நட்டம் அவருக்கன்று. அவருடைய மாதச் சம்பளம் தவறாது வரும். மறுநாள் வெறும் வலையோடு திரும்புவோன், சட்டப்படி தொழில் செய்யும் ஏழை மீனவன். ஆனைவிழுந்தாவக் குளத் தொடரும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் 2001ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டன. 2020ஆம் ஆண்டில் அங்கே கண்டற் காட்டின் ஒரு பகுதி இயந்திரங்கொண்டு அழிக்கப்பட்டபொழுது, இழப்பு எந்த அதிகாரியின் வீட்டிலும் நேரவில்லை. மீன் குஞ்சும் இறாற் குஞ்சும் வளரும் தொட்டிலே அழிந்தது. காவலர் அஞ்சும் இடத்தில் இத்தகைய இழப்பு மெல்ல மெல்ல ஊர் முழுவதுக்கும் வந்து சேரும்.

அச்சுறுத்தல் எப்பொழுதும் பொல்லோடு வருவதுமில்லை. சில வேளைகளில் அது செல்வாக்கின் உருவில், கூட்டத்தின் முன்னிலையில், நயமான சொற்களோடு வரும். புத்தளம் மாவட்டத்தின் தெற்கெல்லைக்கு அப்பால், நீர்கொழும்பிலே, 2020 பெப்ரவரியில் ஈரநிலக் காணியொன்றைப் பற்றிய விவாதத்தில், தேவானி ஜயதிலக என்னும் வன அதிகாரி அரசியல்வாதி ஒருவர் முன்னிலையிலும் படப்பிடிப்புக் கருவிகளின் முன்னிலையிலும் நின்று, சட்டம் அனுமதியாததைத் தாம் அனுமதிக்க இயலாது என்று நிதானம் தவறாது கூறினார். அக்காட்சியை நாடே கண்டது; பாராட்டியது. அவரைத் தாங்கி நின்றது அவருடைய துணிவு மட்டுமன்று. கடமைக்குப் பின்னால் சட்டம் நிற்கின்றது என்ற நம்பிக்கையுமாகும்.

இனி, புத்தளம் நகரம் மறக்க விரும்பினும் மறக்கவொண்ணாத ஓர் இரவைக் கூறவேண்டும். 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் பெயர் பெற்ற ஓர் அச்சம் நாட்டின் பல பாகங்களிலும் பரவிற்று. உடலில் கிறீஸ் பூசிய மனிதர் இரவிலே வந்து பெண்களைத் தாக்குகின்றனர் என்று ஊருக்கு ஊர் கதை நடந்தது. மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் இளைஞர் கூடி இரவு முழுவதும் விழித்திருந்தனர். பிடிபட்டவரைப் பொலிசார் காப்பாற்றுகின்றனர், விடுவிக்கின்றனர் என்ற ஐயமும் மக்களிடையே வேரூன்றிற்று. ஐயம் வேரூன்றிய இடத்தில் விளக்கம் எடுபடவில்லை.

ஆகஸ்ட் 21ஆம் நாள் இரவு புத்தளத்தில் மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மோதல் மூண்டது. அம்மோதலில் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த பொலிஸ் கொஸ்தாப்பல் ஒருவர் கூட்டத்தினரால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். நகரின் பாதுகாப்புக்குப் படையினர் அழைக்கப்பட்டனர். பகலிலே வாகனங்களுக்குக் கை காட்டி, பாடசாலைப் பிள்ளைகளைப் பாதை கடக்கச் செய்யும் பிரிவைச் சேர்ந்த ஒரு மனிதர், இரவிலே பூதத்தின் பெயரால் இறந்தார். பூதம் எவர் கையிலும் அகப்படவில்லை. அகப்பட்டது சீருடை அணிந்திருந்த ஒரு மனித உடல்.

இத்தகைய கூட்டத்திலே நிற்பவர் ஒவ்வொருவரும் தமக்குள் ஓர் ஆறுதலைச் சொல்லிக்கொள்வர். “நான் ஒரு கல்லைத்தான் எறிந்தேன். நான் சற்றுத் தள்ளித்தான் நின்றேன். அடித்தவர் வேறு யாரோ” என்று. சட்டம் இவ்வாறுதலை ஏற்பதில்லை. ஐவர் அல்லது ஐவருக்கு மேற்பட்டோர் சட்டத்துக்கு மாறான பொது நோக்கத்தோடு கூடினால், அது சட்டவிரோதக் கூட்டம் என 138ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பொது நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு அக்கூட்டத்தில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு, அவ்வேளையில் அக்கூட்டத்தின் உறுப்பினராய் இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாவர் என்று 146ஆம் பிரிவு கூறுகின்றது. இருட்டு முகத்தை மறைக்கலாம், பொறுப்பை மறைக்காது. அரசாங்க வாகனமோ கட்டடமோ தீக்கிரையானால், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அதன் கீழ்ப் பிணை பெறுவதும் எளிதன்று. புத்தளத்து நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 2012 யூலையில், அயல் மாவட்டமாகிய மன்னாரில் மீன்பிடித் துறை தொடர்பான தகராற்றின்போது நீதிமன்றமே கல்லெறிக்கு உள்ளாயிற்று. அதனைக் கண்டித்து நாடெங்கும் சட்டத்தரணிகள் பணியிலிருந்து விலகி நின்றனர். வழக்கைத் தீர்க்கும் இடத்தின்மீதே கல் விழுந்த பின்னர், வழக்காளி தன் முறையீட்டை எங்கே கொண்டுசெல்வான்?

இதுவரை கூறியது நாணயத்தின் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் கூறாது விடுவது நேர்மையாகாது. அதே புத்தளம் நகரத்தில், 1976ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், பள்ளிவாசலில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டினால் எழுவர் உயிரிழந்தனர். 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் மீனவர் ஆர்ப்பாட்டம் செய்தபொழுது, விசேட அதிரடிப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். இவற்றை அக்கரையோரத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை. தந்தையர் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றனர். பழைய காயம் ஆறாத இடத்திலே புதிய வதந்தி விரைவாகத் தீப்பற்றும் என்பதை அறியாதவர், 2011ஆம் ஆண்டின் இரவையும் முழுமையாக அறிந்தவராகார். பழைய காயம் புதிய கொலைக்கு நியாயமாகாது. ஆயினும், மக்கள் சீருடையை ஏன் ஐயுறுகின்றனர் என்று சிந்திக்கும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு.

சட்டக்கோவையை எழுதியோரும் இதனை மறந்தாரல்லர். உத்தியோகத்தரைக் காக்கும் அதே கோவை, உத்தியோகத்தரிடமிருந்து மக்களைக் காக்கும் பிரிவுகளையும் கொண்டுள்ளது. ஒருவருக்குத் தீங்கு விளைவிக்கும் எண்ணத்துடன் சட்டத்தின் பணிப்பை மீறும் உத்தியோகத்தர் 162ஆம் பிரிவின்படி குற்றவாளி. குற்ற ஒப்புதலைப் பெறுவதற்காக ஒருவரை அடித்துத் துன்புறுத்துபவர் 321ஆம், 322ஆம் பிரிவுகளின்படி குற்றவாளி. அன்றியும், தற்காப்பு உரிமையைப் பற்றிக் கூறும் 92ஆம் பிரிவு மிக நுட்பமான ஒரு கோட்டை வரைகின்றது. உத்தியோகத்தர் நல்லெண்ணத்துடன், தம் பதவியின் பேரால் ஒரு செயலைச் செய்யும்பொழுது, அச்செயலில் சிறு சட்டப் பிழை இருப்பினும், அதனைக் காரணங்காட்டி அவரைத் தாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் அச்செயலினால் உயிருக்கோ, கொடுங்காயம் நேருமென்றோ நியாயமான அச்சம் எழுமாயின், அத்தடை நீங்குகின்றது. வந்தவர் உத்தியோகத்தர் என்று அறியவோ நம்பவோ காரணமில்லாதவிடத்தும் அத்தடை இல்லை. ஆதலால், இரவிலே ஒரு வீட்டின் கதவைத் தட்டும் உத்தியோகத்தர், தாம் இன்னார் என்பதையும், இன்ன அதிகாரத்தின் பேரில் வந்துள்ளார் என்பதையும் முதலில் கூறுதல் மரியாதை மட்டுமன்று. தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் காப்புமாகும்.

உத்தியோகத்தர் பிழை செய்தாரெனின் மக்கள் செய்யக்கூடியது யாது? தட்டுவதற்குக் கதவுகள் உள. அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பொலிசாருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஏற்கின்றது. இலஞ்சம் கேட்டாராயின் அதற்கெனத் தனி ஆணைக்குழு உண்டு. ஒரு கட்டளை எந்தச் சட்டத்தின் கீழ் இடப்பட்டது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி திறந்துள்ளது. இக்கதவுகள் சில மெதுவாகத் திறக்கும் என்பதும், கற்பிட்டியிலுள்ள ஒரு மீனவனுக்குக் கொழும்பு தொலைவு என்பதும் உண்மையே. அத்தொலைவைக் குறைப்பது அரசாங்கத்தின் கடன். எந்த ஊரில் மனு கேட்கப்படுகின்றதோ, அந்த ஊரில் கல் எறியப்படுவது குறையும்.

உலகின் பிற நாடுகளும் இக்காலத்தில் இதே சிக்கலை எதிர்நோக்குகின்றன. கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், நோயாளரைத் தேடிச் சென்ற மருத்துவப் பணியாளர் இந்தியாவின் பல இடங்களில் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் இந்திய அரசு அவசரச் சட்டமொன்றைப் பிறப்பித்து, அத்தகைய தாக்குதலுக்கு ஐந்தாண்டுகள் வரையும், கொடுங்காயம் விளைந்தால் ஏழாண்டுகள் வரையும் சிறை விதித்தது. பிரித்தானியா 2018ஆம் ஆண்டில், பொலிசார், தீயணைப்போர், மருத்துவப் பணியாளர் முதலிய அவசர சேவையாளரைத் தாக்குவோருக்கெனத் தனிச் சட்டம் இயற்றி ஓராண்டு வரை சிறை விதித்தது. 2022ஆம் ஆண்டில் அவ்வுச்சத் தண்டனையை இரண்டாண்டுகளாக உயர்த்திற்று. தண்டனையைக் கூட்டுதல் எளிது. ஒரு வாக்கெடுப்பில் முடிந்துவிடும். ஆனால் பத்தாண்டுச் சிறை என்று புத்தகத்தில் எழுதி, வழக்கைப் பத்தாண்டுகள் ஒத்திவைத்தால், அத்தண்டனையை எவரும் அஞ்சார். தண்டனையின் கனத்தினும் அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும். அடி வாங்கிய உத்தியோகத்தர் முறைப்பாடு செய்ய அஞ்சாதிருத்தல், மேலதிகாரி அவருக்குத் துணை நிற்றல், கண்டவர் சாட்சி கூற முன்வருதல், வழக்கு விரைவாக நடத்தல் ஆகிய நான்கும் கூடினாலன்றி, 323ஆம் பிரிவும் 324ஆம் பிரிவும் வெறும் எழுத்துகளாகவே இருக்கும்.

சட்டத்தினும் வலிய காவல் ஒன்று உண்டு. அதனைக் கற்பிட்டியே ஒருகாலத்தில் ஈன்று தந்தது. 1807ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றி, பின்னர் நீதிபதியாகவும் விளங்கினார். அதிகாரப் பணிகளுக்கிடையே, 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றி அகராதி போன்றதொரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859ஆம் ஆண்டில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூராக் என்னும் பெயரால் தொகுத்தளித்தார். ஓர் ஊரின் குளத்தையும் கோயிலையும் தொழிலையும் கேட்டறிந்து எழுதிவைக்கும் உத்தியோகத்தர், அவ்வூருக்கு அந்நியர் அல்லர். தம்மை அறிந்தவரை, தம் பாஷையில் பேசுபவரை, தம் கடனையும் கவலையையும் கேட்டபின் கட்டளை கூறுபவரை, மக்கள் எளிதில் அடிப்பதில்லை. வலையைக் கைப்பற்றும் பரிசோதகர், எந்த வலைக்கு அனுமதி உண்டு என்பதையும் ஊரின் பாஷையிலே விளக்கிச் சொல்வாராயின், பாதிச் சினம் அவ்விடத்திலேயே தணிந்துவிடும். திருவள்ளுவர் வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதற்கடுத்த அதிகாரத்தைக் கண்ணோட்டத்துக்கு அளித்த முறைமை, ஆட்சியில் உள்ளோர் எல்லோரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராகப் புத்தளம் கரையை வந்தடைந்தனர். கையில் ஒன்றுமின்றி வந்தவரைப் பதிவு செய்தும், உலர் உணவு பங்கிட்டும், பிள்ளைகளைப் பாடசாலைகளிற் சேர்த்தும் இரவு பகலாக உழைத்தவருள் சாதாரண அரசாங்க ஊழியரும் இருந்தனர். வந்தவருக்கு இடங்கொடுத்த ஊரவரின் பெருந்தன்மையும் அவ்வூழியரின் உழைப்பும் சேர்ந்தே அந்நெருக்கடியைத் தாங்கின. ஊரும் உத்தியோகத்தரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர் என்பதற்கு அக்காலமே சான்று.

மீண்டும் ஒருநாள் வதந்தி ஒன்று வரும். அது எந்தப் பெயரோடு வருமென்று எவரும் கூறவியலாது. கைத்தொலைபேசிகளின் வழியே, 2011ஆம் ஆண்டிலும் விரைவாக வரும் என்பது மட்டும் உறுதி. அன்று சந்தியிலே கூட்டம் கூடும். நடுவில் சீருடை அணிந்த ஒருவர் தனித்து நிற்பார். சட்டப் புத்தகம் அவ்விடத்தில் எவர் கையிலும் இராது, நீதவான் உறங்கிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் ஒருவர், பள்ளிவாசல் நிருவாகியோ, பங்குத் தந்தையோ, கோயில் தருமகர்த்தாவோ, கரைவலைச் சம்மாட்டியாரோ, அல்லது பெயர் அறியாத ஒரு தாயோ, முன்னே வந்து, “பொறுங்கள், இந்த மனிதருக்கும் வீடு உண்டு. குற்றம் இருந்தால் எழுதிக் கொடுப்போம்” என்று சொல்ல வேண்டும். அக்குரல் ஒலித்தால் ஓர் உயிர் தப்பும். அத்தோடு, கல்லை ஓங்கி நின்ற பல இளைஞரின் வாழ்வும் தப்பும்.